காலை ஏழு மணிக் கேள்விகள்

தோர்ண்டன் ஹீத்
3 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சமாதானம் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் மகள் தாரகாவின் கலியாணத்தன்று கோயில் மண்டபத்தில் வைத்து, இனி உங்களோடு ஒரு சொல்லும் கதைக்க மாட்டேன் என்றேன். இருபது மாதமாகிவிட்டது. சொன்னது சொன்னதுதான். கடிதம் எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். எனக்கு வந்திருப்பது தசை அழற்சி நோய். கிருமியை அடிக்க வேண்டிய இரத்த அணுக்கள் ஆள் மாறி என் தசையையே அடிக்கின்றன. தோளும் தொடையும்தான் முதலில் போகும். கதிரையிலிருந்து எழும்ப மேசையை ஊன்ற வேண்டும். சீப்பால் தலை இழுக்கக் கை எழும்பாது, அதனால் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டேன். பதினைந்து வருசம் 109ஆம் இலக்க பஸ் ஓட்டியவள், சாரதி இருக்கையில் ஏற முடியாமல் வீட்டில் இருக்கத் தொடங்கி ஒரு வருசத்துக்கு மேலாகிறது. ஸ்டீரொய்ட் குளிசை, ஊசி, கையில் ஏற்றும் மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது தண்ணீர் குடித்தால் மூக்கால் வருகிறது.

ஒரு பரிசோதனைச் சிகிச்சை இருக்கிறது. என் இரத்தத்திலிருந்து சில அணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் அவற்றுக்குப் புதுப் புத்தி புகட்டி, திரும்ப என் உடம்பிலேயே ஏற்றுவார்கள். நோயைக் கிளப்பிவிடுகிற அணுக்களை அவை தேடிப் போய் அழிக்குமாம். இந்த ஆஸ்பத்திரியில் இந்த வருத்தத்துக்கு எனக்கு முன்பு நான்கு பேருக்குத்தான் செய்திருக்கிறார்கள். யாரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. கடும் காய்ச்சல் வரலாம், மூளை குழம்பலாம், உயிரும் போகலாம் என்று பதினெட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பதினெட்டையும் வாசித்து நான்தான் கையெழுத்து வைத்தேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. அணுக்களை ஏற்றிக் கொஞ்ச நாள் வார்ட்டில் வைத்திருந்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு வீடு தருவார்கள். இருபத்தெட்டாம் நாள்வரை அங்கே இருபத்துநாலு மணித்தியாலமும் என்னோடு ஒருவர் இருக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் எனக்கு இடமும் இல்லை. பக்கத்து வீட்டுக் கோதைக்கு வேலையும் மூன்று பிள்ளைகளும். தாரகா கனடாவில் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறாள். கலியாணம் கட்டாமல் இருந்தால் கடைசி காலத்தில் உன்னை ஆர் பாக்கிறது என்று கேட்பீர்களே, அந்தக் கேள்விக்கு இப்போது நீங்களே பதில் எழுதுங்கள். மாத முடிவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

தவமலர்

*

செவன் கிங்ஸ்
9 பெப்ரவரி 2025

தவம்,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நாலு தரமும் கோபம்தான் வந்தது.

இவ்வளவு வருத்தம் என்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? கோயிலில் கேட்கிற ஆட்களுக்கெல்லாம் நீ தாரகாவோடு கனடாவுக்குப் போய்விட்டாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரே லண்டனில் இருந்துகொண்டு என் வாசலுக்கு வராதவளைப் பற்றி வேறு என்ன சொல்வது?

நான் வர மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். உன் அண்ணி ஒப்பரேசனுக்குப் பயந்தாள். ஒரு கிழமை யோசிப்போம் என்றாள். நான்தான் டொக்டர்மார் சொன்னால் சரியாக இருக்கும் என்று பேனையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். டொக்டர்மாரில் பிழை சொல்ல மாட்டேன், அவர்கள் எல்லாவற்றையும் முதலே சொன்னவர்கள். ஆனால் உள்ளே போன சிவரூபினி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த ஆஸ்பத்திரிப் பேப்பரையும் தொட்டதில்லை.

உன்னை ஹீத்ரோவில் வந்து கூட்டிக்கொண்டு போனவன் நான். அன்றிலிருந்து உன்னுடைய எல்லாப் பேப்பரிலும் என் கையெழுத்து இருக்கும். இதில் மட்டும் என்னைக் கேட்காமல் நீயே வைத்துவிட்டாய். பிறகு காவலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறாய். எலியில் செய்து பார்ப்பதை உன்னில் செய்து பார்க்க நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இங்கே கீழ் அறை காலியாகத்தான் கிடக்கிறது. வந்து இரு. சாகும்வரை சமைத்துப் போடுகிறேன், தூக்கி இருத்துகிறேன். இதற்குக் காவல் இருக்க மட்டும் என்னால் ஏலாது.

குலசேகரம்

*

தோர்ண்டன் ஹீத்
14 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

கனடாவுக்கு அனுப்பினதுதான் அனுப்பினீர்கள், குளிருக்கு ஒரு ஜக்கட்டாவது வாங்கித் தந்திருக்கலாம்.

கீழ் அறை வேண்டாம். ஒருவர் தூக்கி இருத்த, ஒருவர் ஊட்ட, இன்னும் இருபது வருசம் ஒரு கட்டிலில் கிடப்பதற்கு நான் ஆசைப்படவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் என் காலால் நடந்து போய் என் பஸ்ஸில் ஏற வேண்டும். எலிக்கு ஒப்பாகப் பேசினீர்கள். எலி பதினெட்டுப் பக்கம் வாசிக்காது, கையெழுத்தும் வைக்காது. நான் இரண்டையும் செய்தேன்.

அண்ணியின் விசயத்தில் உங்களுக்கு எவ்வளவு நோகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணிக்குப் பேனை கொடுத்தது நீங்கள். என் பேனையை நான்தான் எடுத்தேன். எனக்கு என்ன நடந்தாலும் அது உங்கள் தலையில் வராது.

இன்னொன்றும் கேளுங்கள். அன்று மண்டபத்தில் ஆலாத்தித் தட்டு ஏன் விழுந்தது என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கலியாணம் கட்டியவர்கள்தான் ஆலாத்தி எடுக்க வேண்டும் என்று சனம் முணுமுணுக்க, மாமிதான் எடுக்க வேண்டும் என்று தாரகா ஒற்றைக்காலில் நின்றாள். தாயில்லாத பிள்ளை கேட்கிறாளே என்று எடுத்தேன். மூன்று முறை சுற்ற வேண்டும். இரண்டாவது சுற்றில் தோள் கழன்று விட்டதுபோல் இருந்தது. தட்டும், வாழைப்பழத் துண்டும், எரிகிற திரியும் அவளுடைய கூறைச் சேலையில் விழுந்தன. அப்போது முந்நூறு சனத்துக்கு முன்னால் என்னைப் பார்த்து நீங்கள் சொன்னது இதுதான்: "ஏலாட்டி ஏன் வந்து நிக்கிறாய்? சபையில என்ர மானத்தை வாங்கவோ?"

அதுதான் இந்த வருத்தத்தின் முதல் நாள். எனக்கே அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கண்ணூறு என்றார்கள், ராசியில்லாத கை என்றார்கள். தசை செத்துக்கொண்டிருந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். வான்மதி என்று ஒரு ஆராய்ச்சித் தாதி உங்களுக்குப் போன் எடுப்பாள். மலேசியாத் தமிழ்ப்பிள்ளை. மாட்டேன் என்றால் அதை உங்கள் வாயாலேயே அவளுக்குச் சொல்லுங்கள்.

தவமலர்

*

செவன் கிங்ஸ்
21 பெப்ரவரி 2025

தவம்,

அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். எடுத்தவுடனே, "வணக்கம் அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். நீங்க தவமலர் அக்காவுடைய அண்ணன்தானே என்றாள். அதற்கும் ஓம் என்றேன். ரெண்டு மூணு வாரம் கூடவே இருப்பீங்களா என்று அவ்வளவு பணிவாகக் கேட்டாள். வாயில் அடுத்ததாகவும் ஓம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் என் தங்கச்சிக்கு என்னால் ஏலாது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நான் சம்மதித்தது அவளுக்கு. உனக்கில்லை. உன் புத்தி பிழை என்ற என் எண்ணத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கதைக்க மாட்டேன் என்று தொடக்கினது நீ. முடிக்கிறதும் நீயாக இருக்கட்டும். நான் முந்த மாட்டேன். சமைப்பேன், காய்ச்சல் பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஆலாத்தி பற்றி எழுதியதை வாசித்தேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

குலசேகரம்

*

வார்ட்டிலிருந்து
22 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

மார்ச் மாதம் எடுத்த அணுக்கள் ஊர் சுற்றி வந்து சேர்ந்து, போன புதன்கிழமை உள்ளே போய்விட்டன. அதற்கு முன் மூன்று நாள் கீமோ. ஒரு வருசமாக நான் காத்திருந்த சாமான் ஒரு சின்னப் பையில் வந்தது, கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அணுக்களைப் பாதுகாத்து வைக்கிற மருந்தால் இரண்டு நாளைக்கு உங்கள் மேலில் உள்ளிப்பூண்டு மணக்கும் என்று வான்மதி மன்னிப்புக் கேட்டாள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது பிள்ளை என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் நாற்பதுக்கு ஏறியது. ஒரு மருந்து ஏற்ற இறங்கிவிட்டது. பக்கத்து அறைக்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் அவருக்குக் கட்டைவிரலைக் காட்டினேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு வான்மதி வந்து பத்துக் கேள்வி கேட்பாள். என்ன வருசம், என்ன மாதம், எந்த நகரம், எந்த ஆஸ்பத்திரி. மூன்று சாமானைக் காட்டிப் பெயர் கேட்பாள். இரண்டு விரலைக் காட்டச் சொல்வாள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைக்க வேண்டும். கடைசியாக ஒரு வசனம் எழுத வேண்டும், தினமும் அதே வசனம். மூளையில் வீக்கம் தொடங்கினால் முதலில் பேச்சும் எழுத்தும்தான் தடுமாறுமாம். மற்றவர்கள் காலநிலையைப் பற்றி எழுதுகிறார்களாம். நான் எழுதுவது: நான் திரும்பவும் 109 ஓட்டுவேன். வான்மதி அதைப் பார்த்துவிட்டு, "ஆமா, ஓட்டுவீங்க" என்று கீழே கையெழுத்து வைப்பாள்.

திங்கட்கிழமை என்னை வெளியே விடுகிறார்கள். நீங்கள் கட்டுகிற சாரம், போடுகிற குளிசை எல்லாம் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

தவமலர்

*

ஆஸ்பத்திரி தந்த வீட்டில், குசினி மேசையில் வைத்த தாள்கள்

29 ஏப்ரல்

தவம், அந்தப் பத்துக் கேள்வியையும் காலை ஏழு மணிக்கு நான் வாயால் கேட்க வேண்டும் என்று வான்மதி சொன்னாள். நீ கதைக்க மாட்டாய், நானும் முந்த மாட்டேன். எழுதி வைக்கிறேன், எழுதிப் பதில் தா. மேசையில் மூன்று சாமான் இருக்கிறது. விரலைக் கதவடியில் நின்று காட்டு. – கு.

2025. ஏப்ரல். லண்டன். ஆஸ்பத்திரியின் பெயர் உங்கள் பின்னால் ஜன்னலில் பெரிதாகத் தெரிகிறது, இது என்ன சோதனை? கரண்டி, கதவுத் திறப்பு, உங்கள் மூக்குக்கண்ணாடி. 100, 90, 80, 70, 60, 50, 40, 30, 20, 10. நான் திரும்பவும் 109 ஓட்டுவேன். சொதிக்கு உப்பில்லை. – த.

30 ஏப்ரல்

உப்பை டொக்டர் குறைக்கச் சொன்னார். கேள்விகள் அதேதான். – கு.

2025. ஏப்ரல். லண்டன். அதே ஆஸ்பத்திரி. கோப்பை, திறப்பு, பாண். நூறிலிருந்து பத்துவரை வந்துவிட்டேன். நான் திரும்பவும் 109 ஓட்டுவேன். இன்று குளியலறையில் வலக்கை காதுவரை எழும்பியது. இதைத் தாளுக்குத்தான் சொல்கிறேன், உங்களுக்கில்லை. – த.

1 மே

தாள் எனக்குச் சொன்னது. காதுவரை என்றால் இடக்கையா வலக்கையா என்று திரும்ப வாசித்தேன். இன்று கிளினிக். நான் கீழே காரில் இருப்பேன். – கு.

2025. மே. லண்டன். அதே ஆஸ்பத்திரி. கரண்டி, கத்தி, திறப்பு. 100, 90, 80, 70, 60, 50, 40, 30, 20, 10. நான் திரும்பவும் 109 ஓட்டுவேன். மத்தியானம் சேர்த்தது: கிளினிக்கில் எல்லாம் சரி என்றார்கள். – த.

2 மே

2025. மே. லண்டன். ஆஸ்பத்திரி.
100, 90, 80
நான் திரும்பவும் ஓட்டுவேன்.

சாமான்களின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறாய். கரண்டிக்குப் பெயர் தெரியாதவளா நீ? பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டும். பெனடோல் குளிசை மேசையில், புட்டு மூடி வைத்திருக்கிறேன். – கு.

3 மே

நான் திரும்ப திரும்ப திரும்ப நான்
தி

*

ஆஸ்பத்திரிக் கன்ரீனிலிருந்து
5 மே 2025

தவம்,

நீ கண் விழித்தால் வாசிக்கட்டும் என்று இதை வான்மதியிடம் கொடுத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை மேசைக்கு வந்தபோது பேனை உன் கையில் இருந்தது. எழுத்து தாளை விட்டுக் கீழே இறங்கி மேசையில் ஓடியிருந்தது. "தவம்" என்று கத்திக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தாய். சத்தம் வரவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டேன். என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய்.

உடனே வான்மதி தந்திருந்த அவசர நம்பருக்குப் போன் எடுத்தேன். பத்து நிமிடத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள். வான்மதி ஓடி வந்து என்னைக் கேட்டாள்: "அண்ணே, அவங்க உங்ககிட்ட கடைசியா எப்ப நல்லா பேசுனாங்க? நேத்தா, காலையிலயா?"

நான், "ரெண்டாயிரத்து இருபத்துமூண்டு, மே மாசம்" என்றேன்.

எனக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து அவள் திரும்ப மெதுவாகக் கேட்டாள். நானும் திரும்ப அதையே சொன்னேன். எழுதிக்கொண்டு நின்ற டொக்டருக்கு அவள் அதை இங்கிலிஷில் சொன்னபோது அவர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமையே உனக்குப் பேச்சுத் தடுமாறியிருக்கும் என்கிறார்கள். ஒரு வார்த்தை உன்னோடு கதைத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நான் அதைப் பிடிவாதம் என்று எழுதி வைத்துவிட்டுப் புட்டு அவித்தேன். சிவரூபினிக்குப் பேனையைக் கொடுத்துப் பிழை விட்டேன். உனக்கு வாயைத் திறக்காமல் பிழை விட்டேன்.

எழும்பு தவம். எழும்பி என்னைத் திட்டு. சுகமானதும் இந்தப் பரிசோதனையை விட்டு வெளியே வா.

அண்ணை

*

வார்ட்டிலிருந்து
11 மே 2025

அண்ணைக்கு,

எழும்பிவிட்டேன். திட்டவும் போகிறேன்.

ஸ்டீரொய்ட்டைக் கூடுதலாக ஏற்றி, இரண்டு நாளில் பேச்சு வந்துவிட்டது. முதலில் வந்த சொல் கரண்டி. வான்மதி கை தட்டினாள். இப்போது பத்துக்குப் பத்து. இருபத்தெட்டாம் நாள்வரை என்னை இங்கேயே வைத்திருக்கப் போகிறார்கள், நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

பிழை முழுவதையும் நீங்கள் தனியாகத் தூக்கிக்கொண்டு போக நான் விட மாட்டேன். எனக்கு வியாழன் பின்னேரமே தெரியும். கண்ணாடிக்கு முன்னால் நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றது. உங்கள் கதவைத் தட்ட இரண்டு அடி. தட்டினால் நான் தோற்றுப்போனேன் என்று நினைப்பீர்கள் என்று பேசாமல் படுத்துவிட்டேன். மடைச்சி வேலை. செத்திருந்தால் உங்களை உயிரோடு கொன்றிருப்பேன்.

நோயாளியோடு துணையாள் தினமும் வாய்விட்டுக் கதைக்க வேண்டும், எழுதிக் கேட்கக் கூடாது என்று கையேட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். உலகத்தில் எந்த மூலையில் யார் இந்தச் சிகிச்சை செய்தாலும், ஏன் இப்படி ஒரு வரி என்று யோசிப்பார்கள். அது எங்கள் குடும்பத்துக் கொழுப்பு.

வெளியே வா என்று எழுதியிருந்தீர்கள். அணுக்கள் எனக்குள்ளே இருக்கின்றன, எதை விட்டு எங்கே வருவது? வர ஏலுமென்றாலும் நான் வர மாட்டேன். இதுவரை நடந்த எல்லாம் அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் இருந்ததுதான்.

நேற்று பார்வையாளர் நேரத்தில் வந்து பக்கத்தில் இருந்தீர்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கதைக்க ஏலாமல் இல்லை. இப்போது நன்றாக ஏலும். முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னதை நீங்கள் தாளில் திருப்பி எடுக்க ஏலாது. அந்த மண்டபத்தில் சொன்னதை அந்த மண்டபத்தில்தான் எடுக்க வேண்டும்.

தவமலர்

*

செவன் கிங்ஸ்
1 ஜூன் 2025

தவம்,

நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று கோதை சொன்னாள். சந்தோசம்.

நீ கேட்டது நடக்காத காரியம். நான் கோயில் சபையில் பன்னிரண்டு வருசமாக இருக்கிறவன். அறுபத்துநாலு வயதில் மைக்கைப் பிடித்துத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டால் மற்றவன் என்ன சொல்வான்? உனக்குக் கனடா என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்து அவிழ்க்க வேண்டி வரும்.

தவிரவும், நான்தான் முதலில் கதைத்தேன். சனிக்கிழமை காலையில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. முந்த மாட்டேன் என்றவன் முந்திவிட்டேன். அது போதாதா உனக்கு?

அண்ணை

*

தோர்ண்டன் ஹீத்
17 ஜூலை 2025

அண்ணைக்கு,

நீங்கள் கூப்பிட்டது எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நினைவிருப்பதை எழுதுகிறேன். நேற்று கிளினிக்கில் கையை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார்கள். ஜனவரியில் ஒருமுறையும் ஏலவில்லை. நேற்று ஒன்பது முறை எழும்பினேன். பத்தாவதுக்கு மூச்சு இளைத்தது, விடாமல் அதையும் எழும்பினேன். இரத்தத்தில் தசை உடைவதைக் காட்டுகிற அளவு சாதாரண ஆட்களுடையதுக்கு வந்துவிட்டது. ஸ்டீரொய்ட் குளிசை எல்லாம் நிறுத்தி ஆறு கிழமை. இது நிலைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார் டொக்டர். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

தண்ணீர் இப்போது தொண்டையால்தான் போகிறது. தலைமயிரை வளர விட்டிருக்கிறேன்.

பஸ் லைசன்ஸ் கேட்டு விண்ணப்பம் போட்டேன். மூளையில் பிரச்சினை வந்தபடியால் ஒரு வருசமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். பொறுப்பேன். பொறுத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். டிப்போவில் என் லொக்கரை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம்.

மைக்கைப் பிடிக்க வெட்கம் என்கிறீர்கள். அன்று பிடிக்காமலே எல்லோருக்கும் கேட்டது.

தவமலர்

*

செவன் கிங்ஸ்
3 ஒக்டோபர் 2025

தவம்,

நேற்று விஜயதசமி. மண்டபம் நிறைந்த சனம். பரிசு கொடுப்புக்கு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பேர்களை வாசித்து முடித்துவிட்டு இறங்கப் போனவன் இறங்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆலாத்தித் தட்டோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்திக்குக் கை நடுங்கியது, பாரம் போல. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மைக்கில் சொன்னேன். எழுதி வைத்துச் சொல்லவில்லை, வந்ததைச் சொன்னேன். "என்ர மகளின்ர கலியாணத்தில இந்த இடத்தில ஒரு தட்டு விழுந்தது. கன பேர் பாத்தனீங்கள். என்ர தங்கச்சிக்கு அண்டைக்கே வருத்தம். எனக்கு அது தெரியேல்லை, கேக்கவும் இல்லை. அவளின்ர கையில பிழையில்லை, என்ர வாயிலதான் பிழை. அவள் கனடாவில இல்லை, தோர்ண்டன் ஹீத்திலதான் இருக்கிறாள். ஒருத்தரும் செய்யப் பயப்பிடுற ஒரு வைத்தியத்தைத் தானே கையெழுத்து வைச்சுச் செய்து, எழும்பி நடக்கிறாள்."

ஒரு பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. செயலாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். இரவு தாரகா போனில் பிள்ளையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உன் அண்ணி போனதற்குப் பிறகு முதல் முறையாக நன்றாகப் பசித்தது.

உனக்கு இதை யாராவது சொல்லுவார்கள். அதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். இனி உன் விருப்பம்.

அண்ணை

*

தோர்ண்டன் ஹீத்
5 ஒக்டோபர் 2025

அண்ணைக்கு,

எனக்கு ஒருவரும் வந்து சொல்லத் தேவையில்லை. நான் அங்கேதான் நின்றேன்.

உங்களுக்காக வரவில்லை. அந்த மண்டபத்துக்குப் பதினாலு படி, கம்பியைப் பிடிக்காமல் ஏற ஏலுமா என்று பார்க்க வந்தேன். பஸ், ரயில், திரும்ப ஒரு பஸ் பிடித்து வந்து, கம்பியைத் தொடாமல் பதினாலும் ஏறினேன். மாஸ்க் போட்டிருந்தபடியால் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்றேன், உங்கள் குரல் அங்கேவரை தெளிவாகக் கேட்டது. சிரித்தவர்கள் யார் என்றும் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் முடித்தவுடன் மேளம் தொடங்கிவிட்டது, இல்லாவிட்டால் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். ஆலாத்தித் தட்டோடு நின்ற பிள்ளையிடம் மட்டும் போய், கை நொந்தால் வைத்துவிடு பிள்ளை, ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டினம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனிக் கடிதம் வேண்டாம். நாளைக்குக் காலை ஏழு மணிக்குப் போன் எடுங்கள். பத்துக் கேள்வியையும் வாயால் கேளுங்கள். இரண்டு வருசமாகச் சேர்த்து வைத்த ஏச்சு நிறைய இருக்கிறது, ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு தொடங்குவேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூலையில் ஒரு பொய் எழுதினேன். அந்தச் சனிக்கிழமை நீங்கள் என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது, இரண்டு முறையும். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அண்ணை. சொல் வரவில்லை.

இப்போது வரும். ஏழு மணி. பிந்த வேண்டாம்.

தவம்